ஹின்டர்கைஃபெக் கொலைகளும் அதிலிருந்து பிறந்த நாவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்று மர்மக் கதைகளைப் பற்றி யாரோடு பேச உட்கார்ந்தாலும், பேச்சு கடைசியில் ஜெர்மனியில் இருந்த ஒரு பண்ணை வீட்டில் போய் நின்றுவிடும். அங்கே இழுத்துக்கொண்டு போவது நான்தான். பல வருடமாக இந்த வழக்கு என்னை விடவில்லை. வாசக நண்பர்களும், இப்படி ஒரு கதை எழுத ஆசைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைப் பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். கொலை விவரங்கள் வரும். இறந்தவர்களில் இரண்டு குழந்தைகளும் உண்டு. படிக்க மனம் தாங்காது என்றால் நாவலைப் பற்றிய கேள்விகளுக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஹின்டர்கைஃபெக்கில் நடந்தது என்ன?

பவேரியாவில், மியூனிக்குக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, இங்கோல்ஷ்டாட்டுக்கும் ஷ்ரோபன்ஹவுசனுக்கும் நடுவில் காட்டோரமாக இருந்த ஒற்றைப் பண்ணை அது. கைஃபெக் என்ற சிற்றூருக்குப் பின்னால் இருந்ததால் அந்தப் பெயர். ஜெர்மன் மொழியில் 'ஹின்டர்' என்றால் பின்னால்.

1922 மார்ச் 31, வெள்ளிக்கிழமை இரவு, அந்த வீட்டில் இருந்த ஆறு பேரையும் யாரோ கொன்றார்கள். வீட்டுக்காரர் அந்திரேயாஸ் க்ரூபருக்கு 63 வயது. மனைவி செசீலியாவுக்கு 72. கணவனை இழந்த மகள் விக்டோரியா காப்ரியேலுக்கு 35. விக்டோரியாவின் பிள்ளைகள் இருவர்: பாட்டியின் பெயரையே வைத்திருந்த 7 வயதுச் செசீலியா, 2 வயது யோசெஃப். ஆறாவது ஆள், அன்று மதியம்தான் வேலைக்கு வந்து சேர்ந்த மரியா பவும்கார்ட்னர், வயது 44.

அந்த ஊர்ப் பக்கம் வீடு, தொழுவம், வைக்கோல் களஞ்சியம் எல்லாம் ஒரே கூரையின் தொடர்ச்சியாக இருக்கும். முதல் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தொழுவத்தின் வழியே களஞ்சியத்துக்குப் போய், அங்கே விழுந்திருக்கிறார்கள். உடல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே வைக்கோலையும் ஒரு பழைய கதவையும் வைத்து மூடியிருந்தது. மரியாவையும் குழந்தை யோசெஃபையும் வீட்டுக்குள்ளே படுத்த இடத்திலேயே கொன்றிருந்தார்கள். மரியாவின் மேல் மெத்தைப் போர்வை கிடந்தது. குழந்தையின் தொட்டில் வண்டிமேல் தாயின் பாவாடை போர்த்தியிருந்தது.

கொன்றவன் ஒவ்வொருவரையும் மூடிவிட்டுப் போயிருக்கிறான் என்பதை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எப்போது தெரியவந்தது?

ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை. அதுவரை நான்கு நாட்கள். இந்த வழக்கின் உயிரே அந்த நான்கு நாட்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை குட்டிச் செசீலியா பள்ளிக்கூடம் வரவில்லை. அதே நாள் காபி வியாபாரிகள் இரண்டு பேர் ஆர்டர் எடுக்க வந்து, கதவையும் ஜன்னலையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று கிளம்பினார்கள். அன்று இரவு அந்த வழியாகப் போன ஒரு கைவினைஞர், அடுப்பு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். கையில் விளக்கோடு யாரோ அவரை நோக்கி வந்து முகத்தில் வெளிச்சத்தை அடிக்க, அவர் வேகமாக நடையைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அந்தக் குடும்பத்தைக் காணோம். விக்டோரியா பாடகர் குழுவில் பாடுகிறவர். அவர் இல்லாதது கண்ணில் படாமல் இருந்திருக்காது. தபால்காரர் கொண்டுவந்த கடிதங்கள் எடுப்பாரில்லாமல் அப்படியே கிடந்தன.

அப்புறம் செவ்வாய்க்கிழமை காலை, பண்ணையின் எஞ்சினைப் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். மாடுகளின் சத்தமும் நாயின் சத்தமும் கேட்டதே தவிர மனிதர் யாரும் வெளியே வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தார். சரி, வந்த வேலையை முடிப்போம் என்று ஆரம்பித்து, சுமார் நாலரை மணி நேரம் அங்கேயே வேலை பார்த்தார். சில அடி தூரத்தில் ஆறு உடல்கள் கிடந்தன. எஞ்சினைச் சரிசெய்துவிட்டு, போகிற வழியில் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியத்துக்கு மேல்தான் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மூன்று பேர் போய்த் திறந்து பார்த்தார்கள்.

இதற்கிடையே மாடுகளுக்குத் தீனி போட்டிருந்தது. புகைபோக்கியில் புகை வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. வீட்டில் இருந்த ரொட்டியையும் இறைச்சியையும் யாரோ சாப்பிட்டிருந்தார்கள். கொலை செய்தவன் ஓடவில்லை. அந்த வீட்டிலேயே தங்கி, தொழுவ வேலையையும் பார்த்திருக்கிறான். பால்மாட்டை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், வேளைக்குத் தீனி வைக்காவிட்டால் அவை கத்தி ஊரைக் கூட்டிவிடும். சத்தம் வெளியே போகக்கூடாது என்பதற்காகச் செய்தானா, பழகிய கை சும்மா இருக்க முடியாமல் செய்ததா? ஒரு நாவலாசிரியருக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

கொலைக்கு முன்பே அவன் வீட்டுக்குள் இருந்தானா?

அப்படி நினைக்க இடம் இருக்கிறது. சில நாட்களுக்கு முன் க்ரூபர் அக்கம்பக்கத்தில் சொன்னது இது: காட்டிலிருந்து வீட்டுப் பக்கம் வரும் காலடித் தடங்கள் பனியில் பதிந்திருக்கின்றன, திரும்பிப் போன தடம் இல்லை. பரணில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. வீட்டில் யாரும் வாங்காத ஒரு செய்தித்தாள் கிடந்தது. வீட்டுச் சாவி ஒன்றைக் காணவில்லை. இதற்கு முன் வேலை பார்த்த பணிப்பெண், அந்த வீட்டில் ஏதோ நடமாடுகிறது என்று பயந்து ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தார்.

இவ்வளவும் தெரிந்தும் க்ரூபர் போலீசுக்குப் போகவில்லை. உதவிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். ஏன் என்பதற்கு அந்தக் குடும்பத்தின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது என்ன பழைய கதை?

1915இல் அந்திரேயாஸ் க்ரூபரும் மகள் விக்டோரியாவும் தகாத உறவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். தகப்பனுக்கு ஓராண்டு சிறை, மகளுக்கு ஒரு மாதம். நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம் என்பதால் ஊருக்கே தெரியும்.

இன்றைக்கு இதைப் படிக்கிற நமக்கு, மகளை ஏன் தண்டித்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அன்றைய சட்டம் இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தது. தண்டனை முடிந்த பிறகும் விக்டோரியா திரும்ப வேண்டியிருந்தது அதே வீட்டுக்கு, அதே தகப்பனோடு. 1919இல் யோசெஃப் பிறந்தபோது அவன் யாருடைய பிள்ளை என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தானே தகப்பன் என்று ஒப்புக்கொண்டதும், அதைச் சுற்றி நடந்த புகார்களும் வழக்கு ஆவணங்களில் இருக்கின்றன.

இந்த வழக்கைக் கதையாக எழுத வருகிறவர்களில் பலர் இதைக் கிளுகிளுப்பாகக் கையாண்டு கெடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வீட்டில் ஒரு பெண் வளர்ந்து, மணமாகி, கணவனைப் போரில் இழந்து, கடைசிவரை வெளியேற வழியில்லாமல் இருந்தாள். ஊர் முழுக்க அது தெரிந்திருந்தது. அவளுக்கு ஒரு வாசல் திறக்க யாரும் வரவில்லை.

திருட்டுக்காகச் செய்திருக்கலாமே?

முதலில் போலீசும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் வீட்டில் நல்ல தொகை அப்படியே இருந்தது. பணத்துக்காக வந்தவன் நான்கு நாள் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டு இருக்க மாட்டான்.

போலீஸ் எங்கே கோட்டை விட்டது?

மியூனிக்கிலிருந்து அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் ஊரே உள்ளே வந்து போய்விட்டது. உடல்களைப் புரட்டிப் பார்த்து, நடந்து, தொட்டு, எல்லாத் தடயமும் கலைந்துவிட்டது. கொலைக் கருவியைக்கூட அப்போது கண்டுபிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1923இல், பண்ணையை இடித்தபோதுதான் அது பரணில் கிடைத்தது. வேரோடு கிளறி நிலத்தைத் திருத்தப் பயன்படும் கருவி. நம்மூரில் குந்தாலி என்போமே, அந்த இனம். அந்த வீட்டுக் கருவிதான்.

பிரேதப் பரிசோதனையை அந்தக் களஞ்சியத்திலேயே நடத்தினார்கள். குட்டிச் செசீலியா தாக்கப்பட்ட பிறகும் சில மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். தன் தலைமுடியையே கொத்துக் கொத்தாகப் பிடுங்கியிருந்தாள்.

தலைகள் காணாமல் போனது உண்மையா?

உண்மை. தலைகளைத் தனியே எடுத்து மியூனிக்குக்கு அனுப்பினார்கள். குறி சொல்கிறவர்களிடம்கூடக் காட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அந்தத் தலைகள் திரும்பி வரவே இல்லை. இரண்டாம் உலகப் போரின் குழப்பத்தில் தொலைந்துபோயின. வைட்ஹோஃபன் கல்லறைத் தோட்டத்தில் ஆறு பேரும் தலையில்லாமல்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். பண்ணை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சின்ன நினைவுச் சின்னம் நிற்கிறது.

போரில் இறந்ததாகச் சொன்ன கணவனே திரும்பி வந்து செய்திருப்பானா?

நிறைய பேருக்குப் பிடித்த கதை இது. விக்டோரியாவின் கணவர் கார்ல் காப்ரியேல் 1914 டிசம்பரில் பிரான்சில் போர்முனையில் இறந்ததாகச் செய்தி வந்தது, உடல் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சோவியத் சிறையிலிருந்து திரும்பிய சிலர், பவேரிய ஜெர்மன் பேசிய ஒரு ரஷ்ய அதிகாரியைப் பார்த்ததாகவும், அவன் தன்னையே ஹின்டர்கைஃபெக் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டதாகவும் சொன்னார்கள். ஆனால் போலீஸ் விசாரித்தபோது கூடச் சண்டையிட்டவர்கள் அவர் இறந்ததை உறுதிசெய்தார்கள்.

கதைக்கு வசதியான திருப்பம்தான். ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல். கொலைகாரனைத் தூர தேசத்திலிருந்து வரவழைத்துவிட்டால் ஊர் தப்பித்துவிடுகிறது.

சந்தேகப்பட்டவர் பெயரை ஏன் சொல்வதில்லை?

நூறு பேருக்கு மேல் விசாரித்தார்கள். யார் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. மற்றவர்களைவிட அதிகமாகப் பேச்சுக்கு ஆளான ஒரு பக்கத்து வீட்டுக்காரர், தன்னைக் கொலைகாரன் என்று சொன்னவர்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தவர். அவர் பெயரை இணையத்தில் தேடினால் கிடைக்கும். நான் எழுத மாட்டேன்.

இதில் எனக்கு முன்மாதிரி, 2007இல் ஃபுர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக் போலீஸ் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் செய்தது. பழைய கோப்புகளை எடுத்து இன்றைய முறையில் ஆராய்ந்து, ஒருவர்மேல் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தார்கள். ஆனால் உறவினர்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்பதால் பெயரை வெளியிடவில்லை. போலீஸ் வேலை கற்றுக்கொள்கிற இளைஞர்களுக்கு இருந்த அந்த மரியாதை நமக்கும் இருக்கலாம்.

இதை வைத்து நாவல் வந்திருக்கிறதா?

2006இல் ஆந்திரேயா மரியா ஷென்கல் எழுதிய 'டன்னோட்'. அவருடைய முதல் நாவல். ஹாம்பர்க்கில் உள்ள ஒரு சின்னப் பதிப்பகம் வெளியிட்டது. 2007இல் ஜெர்மன் குற்றப்புனைவு விருது கிடைத்தது. விற்பனையும் லட்சக்கணக்கில் போனது. ஆங்கிலத்தில் 'தி மர்டர் ஃபார்ம்' என்ற பெயரில் படிக்கலாம்.

ஒரே உட்காரலில் முடிக்கக்கூடிய சின்னப் புத்தகம். துப்பறிவாளர் கிடையாது. போருக்குப் பிறகு ஒரு கோடைகாலத்தை அந்த ஊரில் கழித்த ஒருவர், பல வருடம் கழித்துக் கொலைச் செய்தியைப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். நடுநடுவே கத்தோலிக்க மன்றாட்டு மாலையின் வரிகள் வருகின்றன: எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்கள்மேல் இரக்கமாயிரும். ஒரு பக்கம் அக்கம்பக்கத்தார் பேச்சில் 'எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால்...' என்ற தொனி, அடுத்த பக்கம் ஜெபம். இரண்டும் மாறி மாறி வரும்போது வயிற்றைப் பிசைகிறது. யார் செய்தது என்பதை நாவல் காட்டுகிறது. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

1922ஐ விட்டு 1950களுக்குக் கதையை ஏன் நகர்த்தினார்?

ஆசிரியர் மனதில் என்ன இருந்தது என்று நான் பேச முடியாது. வாசகனாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். 1950களின் ஜெர்மனியில் 'அப்போது நீ என்ன பார்த்தாய், ஏன் சும்மா இருந்தாய்' என்ற கேள்விக்குப் பின்னால் நாஜிக் காலம் முழுவதும் நிற்கிறது. ஒரு பண்ணையில் நடந்ததைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர், அதைவிடப் பெரிய ஒன்றிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாடு. இதை ஒரு வரிகூட விளக்காமல், காலத்தை மாற்றியதாலேயே நாவல் சொல்லிவிடுகிறது. இன்னொரு பயன்: ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் மாறிவிட்டதால் உண்மையான குடும்பங்கள்மேல் பழி விழவில்லை.

உண்மை வழக்கை எடுத்து எழுதினால் நம்மேல் வழக்கு வருமா?

இந்த நாவலுக்கே வந்தது. அதே கொலைகளைப் பற்றி முன்பே ஆய்வு நூல் எழுதிய ஒரு பத்திரிகையாளர், தன் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார் என்று வழக்குத் தொடர்ந்தார். 2008இல் மியூனிக் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நடந்த நிகழ்ச்சி யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் அதை எழுதிய விதம்தான் அவருக்குச் சொந்தம். எழுதுகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். கோப்பிலிருந்து எடுங்கள். இன்னொருவரின் வாக்கியத்திலிருந்தும், அவர் ஊகித்துச் சேர்த்ததிலிருந்தும் எடுக்காதீர்கள்.

தீராத வழக்குக்குக் கதையில் தீர்வு கொடுக்கலாமா?

பெயரும் ஊரும் மாற்றியிருந்தால் கொடுக்கலாம். உண்மைப் பெயர்களை வைத்துக்கொண்டு 'இவர்தான் செய்தார்' என்று காட்டுவது கதை என்ற போர்வையில் தீர்ப்பு எழுதுவது. எனக்கு அது சம்மதமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர்வைக் கண்டுபிடிப்பதற்காகவே இந்த வழக்கை எடுப்பவர்கள், எடுத்த பொருளின் வளத்தைப் பாதிக்குமேல் வீணாக்குகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் முகமூடியைக் கழற்றியதும் வாசகருக்கு நிம்மதி வந்துவிடும். ஜன்னலைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போன காபி வியாபாரியும், நாலரை மணி நேரம் எஞ்சினோடு மல்லுக்கட்டிய மெக்கானிக்கும் வாசகரின் மனதில் நிம்மதியில்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இதுபோல வேறு கிராமத்து வழக்குகள்?

நிறைய உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் போல்ஸ்டெட் கிராமத்தில் 1827இல் மரியா மார்ட்டன் என்ற பெண்ணைக் காதலனே கொன்று களஞ்சியத்தில் புதைத்தான். அடுத்த ஆண்டு அவனைத் தூக்கிலிட்டார்கள். நாடகமும் பாட்டுமாக அது நாடெங்கும் பரவியது.

ஐஸ்லாந்தில் 1828இல் நாதன் கேட்டில்சன் என்பவரும் இன்னொருவரும் ஒரு கடலோரப் பண்ணையில் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆக்னஸ் மக்னுஸ்டோட்டிர், ஃபிரித்ரிக் என்ற இருவரின் தலையை 1830 ஜனவரி 12 அன்று வெட்டினார்கள். அந்த நாட்டின் கடைசி மரண தண்டனை அது. கோடாலியைப் பிடித்தவர், கொலையுண்ட நாதனின் உடன்பிறந்தவர். ஹன்னா கென்ட் 2013இல் இதை நாவலாக்கினார்.

கனடாவில் டொரோண்டோவுக்கு வடக்கே 1843இல் தாமஸ் கின்னியரும் வீட்டு மேலாளர் நான்சியும் கொல்லப்பட்ட வழக்கில் கிரேஸ் மார்க்ஸ் என்ற 16 வயது ஐரிஷ் பணிப்பெண் ஆயுள் தண்டனை பெற்று, 1872இல் மன்னிக்கப்பட்டாள். மார்கரெட் அட்வுட் 1996இல் எழுதிய நாவலில், அவள் குற்றவாளியா இல்லையா என்பதைக் கடைசிவரை முடிவுகட்டவில்லை. இந்த மூன்றில் முதலில் எதைப் படிக்கலாம் என்றால் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

நானும் ஹின்டர்கைஃபெக்கை வைத்து எழுத நினைக்கிறேன். யாரிடமிருந்து தொடங்கலாம்?

மரியா பவும்கார்ட்னரிடமிருந்து. எல்லோரும் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் பாவத்திலும் பகையிலும் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் சகோதரி துணைக்கு வர, பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். சகோதரி சிறிது நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த ஆறு பேரையும் உயிரோடு கடைசியாகப் பார்த்த வெளியாள் அந்தச் சகோதரிதான் என்கிறார்கள்.

அந்தச் சில மணி நேரத்தை எழுதிப் பாருங்கள். புது வீட்டில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று மரியாவுக்கு இன்னும் பழகவில்லை. தொழுவத்தைக் காட்டியது யார்? இராச் சாப்பாட்டின்போது யாராவது பேசினார்களா? மேலே பரணில் ஏதாவது சத்தம் கேட்டால், அது இந்த வீட்டுக்கு வழக்கமான சத்தம் இல்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. படுக்கப் போகும் வரை அவரோடு இருந்து எழுதுங்கள். களஞ்சியத்துக்கு அப்புறம் போகலாம்.